கீழ்க்கூண்டுக் கோழி

அடுகோடி ஏரியாவில் ஓஸ்வால்டின் கோழிக்கடைக்குச் சனிக்கிழமைதோறும் கால்நடை டாக்டர் வேதநாயகி வருவார். பறவைக் காய்ச்சல் கண்காணிப்பு. கோழியின் தொண்டையைப் பஞ்சுக் குச்சியால் தடவி, ஐஸ் பெட்டியில் எடுத்துப்போவார். ஓஸ்வால்டும் முகம் கோணாமல், மேல்கூண்டிலிருந்து கொண்டை சிவந்த கொழுத்த கோழிகளாகப் பார்த்து நீட்டுவார், பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல. மறுநாள் ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் கூட்டம் மொய்க்கும். நோய் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் ஷட்டர் இறங்கிவிடும்.

மூன்று வாரமாக எல்லாச் சோதனையும் சுத்தம். அந்தச் சுத்தம்தான் வேதநாயகியைக் குடைந்தது. இருநூறு கோழியில் ஒன்றுக்குக்கூடவா தலை தொங்காது?

நான்காம் வாரம் பெட்டியை மூடிவிட்டுக் கேட்டார்: "வீட்டுக்கு ஒரு கோழி வேணும் ஓஸ்வால்ட். பாதி விலைக்குக் கொடுங்க."

"பாதியா! இறகு விலைகூட வராது மேடம்."

"சிவாஜிநகர் மார்க்கெட்ல கேட்டுட்டுத்தான் வரேன்."

"அப்ப அங்கயே வாங்கியிருக்கலாமே?"

"உங்க முகத்துக்காக வந்தேன். ஸ்வல்ப பாத்துப் போடுங்க."

கால் மணி நேரம் இழுத்தார்கள். பேரம் சூடேறினால் எதிரில் நிற்பது யார் என்பது வியாபாரிக்கு மறந்துபோகும். ஓஸ்வால்டின் கை தானாகக் கீழ்க்கூண்டுக்குள் போனது. "அந்த ரேட்டுக்கு இதான். கொஞ்சம் டல்லா இருக்கு, அவ்ளோதான்."

சிறகு தொங்கி, கொண்டை நீலம் பாய்ந்திருந்தது. வேதநாயகி புதுக் குச்சியைப் பிரித்தார்.

"மேடம்! இது ஏமாத்து வேலை!"

"பேரம் முடிஞ்சுது. கோழி என்னுது." குச்சியைக் குப்பியில் போட்டு மூடினார். "சரி, இந்த மாதிரிக் கோழிய யாரும் வாங்கலன்னா?"

"தூக்கியா போடறது? நம்ம வீட்டுக் குழம்புதான்."

"யார் உரிக்கிறது?"

"என் சம்சாரம் பிரிஜெட்..." ஓஸ்வால்ட் நிறுத்தினார். "மூணு நாளா அவளுக்குக் கண்ணு செவந்திருக்கு. வெங்காயம்னு சொன்னா. கோழிக் காய்ச்சலுக்கும் கண்ணுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

"இருக்கலாம், இல்லாமயும் போகலாம். அதத்தான் தேடறோம். கோழியோட நின்னா ஒரு கணக்கு. ஆளுக்கு ஆள் தாவக் கத்துக்கிச்சுன்னா ஊரே ஷட்டர் போடணும். ஆஸ்பத்திரி டீமை வரச் சொல்றேன்."

ஓஸ்வால்ட் ஷட்டரைப் பாதி இறக்கினார். அவருக்கு அதுவும் பேரம்தான். கடைக்குப் பின்னால்தான் வீடு. அங்கிருந்து பிரிஜெட் இருமும் சத்தம் கேட்டது. மீதியையும் இறக்கினார்.

"கீழ்க்கூண்டுல இன்னும் நாலு இருக்கு மேடம்," என்றார். "கேக்காமலே தரேன். அந்தக் குழம்ப நானும்தான் தின்னேன், எனக்கும் ஒரு குச்சி எடுத்து வைங்க."