தாய் மசாஜ்

மாஜிதாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு நாலு மாதமாகிறது. மகன் ஹுஸைஃபாவுக்கும் நாலு மாதம்தான். பிள்ளையும் வலியும் இரட்டையாகப் பிறந்தவை என்று அவள் எரிச்சலோடு நினைத்துக்கொள்வாள். தொட்டிலில் அவன் வீரிட்டால் குனிந்து எடுக்க முடியாது. மாமியார் ஹைருன் பீவி ஓடிவந்து தூக்கி மடியில் வைத்தால்தான் பால். இப்படியே போனால் பிள்ளை தன்னை மறந்து மாமியையே அம்மா என்று நினைத்துவிடுவானோ என்று பயமாக இருந்தது.

எலும்பில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான், மசாஜ் செய்து பார்க்கலாம் என்றார் தென்காசி டாக்டர். எந்த மசாஜ் என்று சொல்லவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஷார்ஜாவிலிருந்து புருஷன் மசூது போனில் வந்தான். "ஸ்வீடிஷ்னு ஒண்ணு இருக்காம். மெதுவா நீவுவாங்களாம். ரத்தம் நல்லா ஓடும், தூக்கம் வரும். அதுக்குப் போ." மறுநாள் அவனே, "அது வேண்டாம். டீப் டிஷ்யூதான் இறுகிப்போன தசையை ஆழமா அமுக்கி இளக்குமாம்" என்றான். நாத்தனார் புளியறைக்கு அந்தப்பக்கம் கேரளத்துக்குப் போய் உழிச்சில் என்கிற எண்ணெய்த் தடவல் செய்யச் சொன்னாள். குற்றாலத்து அருவி முதுகில் விழுந்தால் போதாதா, அதைவிடவா மசாஜ் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ஊரில் எல்லோருக்கும் வைத்தியம் தெரிந்திருந்தது. வலி மட்டும் மாஜிதாவுக்கு.

கடைசியில் மாமியாரும் மருமகளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் குற்றாலம் போனார்கள். ஒரு மாடிக்கட்டிடத்தில் போர்டு தெரிந்தது. ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, தாய். கீழே, 'பெண்களுக்குப் பெண்களே'.

மாஜிதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பிள்ளை பெத்தவளுக்குன்னே தனியா வச்சிருக்காங்க மாமி!"

"ஆமாட்டி, தாய்னுல்லா போட்டிருக்கு! பெத்து வளத்தவ எவளோதான் நடத்துதா" என்றாள் ஹைருன் பீவி.

உள்ளே வரவேற்பு மேஜையில் முத்துச்செல்வி என்ற பெண் இருந்தாள். மசாஜ் செய்கிறவளும் அவள்தான்.

"எந்த மசாஜ்க்கா?"

"தாய்."

"இதுக்கு முன்னாடி எடுத்திருக்கீங்களா?"

"இல்ல, இதான் மொதப் பிள்ளை."

முத்துச்செல்வி கொஞ்சம் விழித்தாள். "எண்ணெய் கிடையாதுக்கா. கை காலை இழுத்து வளைப்போம். முட்டியால அமுக்குவோம். வேணும்னா முதுகுல ஏறி மிதிப்போம்."

ஹைருன் பீவி எழுந்துவிட்டாள். "பச்சை உடம்புக்காரியையா மிதிப்பே? நல்லாருக்குட்டி ஒங்க நியாயம்! தாய்னு போர்டு வச்சிட்டு..."

"ஐயோ அம்மா, அது தாய்லாந்துக்காரங்க மசாஜ்!"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளை மட்டும் சிரித்தது.

முத்துச்செல்வி வலி எங்கே, கால் மரத்துப்போகிறதா என்று விசாரித்துவிட்டு, மிதிப்பதெல்லாம் வேண்டாம், வெதுவெதுப்பான எண்ணெயில் மெதுவாக நீவுகிறேன் என்றாள். அது ஸ்வீடிஷா வேறேதாவதா என்று கேட்க மாஜிதாவுக்குத் தெம்பில்லை. குப்புறப் படுத்தாள். கை பட்டதும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வலியாலா சுகத்தாலா என்று அவளுக்கே விளங்கவில்லை. வீட்டில் தினமும் எண்ணெய் தேய்த்தல் நடக்கத்தான் செய்தது, எல்லாம் பிள்ளைக்கு. அவள் முதுகை யார் தொட்டார்கள்?

"ஒரே நாள்ல சரியாகாதுக்கா. நாலஞ்சு தடவை வாங்க. பிள்ளையக் குனிஞ்சு எடுக்காதீங்க. குத்தவச்சு, நெஞ்சோட சேத்துத் தூக்குங்க."

வெளியே பெஞ்சில் மாமியார் பக்கத்தில் பிள்ளை கிடந்தான். மாஜிதா பக்கத்தில் குத்தவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனை நெஞ்சோடு சேர்த்தாள். எழுந்தாள். வலி இருந்தது, ஆனால் தூக்கிவிட்டாள். மகன் அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான்.

"போலாம் மாமி" என்று திரும்பினாள். ஹைருன் பீவி ஒரு கையால் சுவரைப் பிடித்து, மறுகையை இடுப்பில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மாதமாகப் பிள்ளையைத் தூக்கி இறக்கியது யார் இடுப்பு என்று மாஜிதா அன்றுவரை யோசித்ததே இல்லை.

"ஏட்டி" என்றாள் மாமியார், முத்துச்செல்விக்குக் கேட்காத குரலில். "மசூதைப் பெத்து முப்பது வருஷமாச்சு. என்னையெல்லாம் தாய்ல சேத்துக்கிடுவாங்களா?"

மாஜிதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிள்ளையோடு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நீங்க உள்ள போங்க மாமி. பிள்ளைய நான் வச்சுக்கிடுதேன்."