லத்தீன் தெரிந்த ஒரே ஆள்

அந்த வீட்டில் ஒலிபெருக்கி என்றால் மச்சினனைத்தான் குறிக்கும். பெயர் வைத்தவர் அகராதிக்காரர். அவர் மனைவியின் தம்பியான அவன் கல்லூரி விரிவுரையாளன். மேடை கிடைத்தால் விடமாட்டான். "சயின்ஸுக்கு வேர் என்ன தெரியுமா? லத்தீன்ல ஸ்கீரே! அறிதல்!" என்று கையை உயர்த்துவான். உயர்த்துகிற கை மட்டும்தான் அவனுடையது, சரக்கெல்லாம் தன்னுடையது என்பது அகராதிக்காரரின் வயிற்றெரிச்சல்.

ஒரு பதிப்பகத்தின் மாடியறையில் உட்கார்ந்து சொற்களின் பிறப்பைத் துருவுவது அவர் வேலை. மனிதன் தன்னை சேப்பியன்ஸ், அதாவது அறிவாளி, என்று மார்தட்டிக்கொள்கிறானே, அந்த வேருக்குச் சுவைத்தல் என்றும் பொருள் உண்டு என்பார். "சில பேருக்கு அறிவு நாக்கோட நின்னு போச்சு" என்று மச்சினனை ஓரக்கண்ணால் பார்ப்பார். அவர் எழுதியதைச் சரிபார்க்க அங்கே லத்தீன் தெரிந்த இன்னொரு ஆள் கிடையாது. பதிப்பாளரும் "நீங்க சொன்னா சரி" என்று அச்சுக்கு அனுப்பிவிடுவார். அகராதிக்காரர் வாழ்நாளில் சம்பாதித்த ஒரே சொத்து அந்த வார்த்தைதான்.

காப்பியடிக்கிறவர்களைப் பிடிக்க அகராதிக்குள் ஒரு பொய்யை ஒளித்துவைப்பது தொழில் வழக்கம். யாருக்கும் கெடுதலில்லாமல் இல்லாத பறவை ஒன்றையோ, இல்லாத ஊர் ஒன்றையோ வைப்பார்கள். இவருக்கு அது போதவில்லை. மச்சினன் விழுந்தே ஆகவேண்டும். ஆசிரியரைக் குறிக்கும் டியூட்டர் என்ற சொல்லின் நிஜமான வேருக்குக் காவல் காத்தல் என்று பொருள். அதைச் சொன்னால் எவன் கைதட்டுவான்? ஆகவே புதிய பதிப்பில், விளக்குத் திரியைத் தூண்டுதல் என்று பொருள்படும் ஒரு லத்தீன் வினைச்சொல்லைத் தானே செய்து அங்கே வைத்தார்.

மச்சினன் விழுந்தான். முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்கத் திரியாகவே எரிந்தது. படிக்கச் சொல்லி அக்கா வீட்டில் ஒரு பிரதி கொடுத்திருந்தான். அகராதிக்காரர் அத்தியாயத் தலைப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூடிவைத்தார். ஒலிபெருக்கி எழுதியதை மனுஷன் படிப்பானா?

வாய்மொழித் தேர்வன்று கிளம்பும்போது மனைவி வாசலில் நிறுத்தினாள்.

"அங்க வந்து ஏதும் பேசிடாதீங்க. அவன் இந்தப் பட்டத்துக்காக நாயா அலைஞ்சிருக்கான்."

"திருட்டுப் பயலுக்குப் பட்டம் ஒரு கேடு!"

அரங்கத்தில், மச்சினன் அழைத்திருந்த பதிப்பாளரும் முன்வரிசையில் இருந்தார். "மாணவன் திரி, ஆசிரியன் தூண்டுகோல்!" என்று மச்சினன் முழங்கினான். கைதட்டல் எழுந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "இந்த வேரை நானே மூலத்துல படிச்சு ரசிச்சிருக்கேன்" என்றார். இல்லாத மூலத்தை ரசித்த அந்த மேதையைக் கண்டதும் அகராதிக்காரருக்கு வாய் நமநமவென்றது. கேள்வி கேட்கலாம் என்று அறிவித்ததுமே எழுந்துவிட்டார்.

"அப்படி ஒரு சொல் லத்தீன்லயே கிடையாதுங்க. காப்பியடிக்கிறவனைப் பிடிக்க நான் கட்டிவிட்ட சொல் அது."

தேர்வாளர் தண்ணீர் குடித்தார். மச்சினன் வெளிறிப்போய் நின்றான். அகராதிக்காரருக்கு அது தேனாக இனித்தது.

"மாமா," என்றான் மச்சினன். "நான் எங்க காப்பியடிச்சேன்? ஒவ்வொரு பக்கத்துலயும் அடிக்குறிப்பு போட்டு உங்க பேரைத்தானே எழுதியிருக்கேன்? முன்னுரையிலயும் உங்களுக்குத்தான் முதல் நன்றி."

தேர்வாளர் பக்கங்களைப் புரட்டி ஆமென்று தலையசைத்தார். "ஆதாரம் காட்டியிருக்கீங்க, உங்க தப்பில்லை. அந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்துட்டுக் கொடுங்க" என்று மச்சினனிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். மனைவி அகராதிக்காரரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதிப்பாளர் எழுந்து அவரருகே வந்தார்.

"வேற எங்கெல்லாம் வச்சிருக்கீங்க?"

"சத்தியமா இது ஒண்ணுதாங்க. மத்ததெல்லாம் அசல்."

"சரி. அதை நான் யார்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கறது?"

அகராதிக்காரர் வாயைத் திறந்தார். சொல்வதற்குத் தன் பெயரைத் தவிர அவருக்கு வேறொரு பெயர் கிடைக்கவில்லை.