முதல் பந்தி

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் யுத்தம் நடந்த அந்த வருஷம் என் மகனை உயிரோடு பெற்றெடுத்தது அந்தக் கோபத்தால்தான். அதைப் பெருமையாகவே சொல்வேன்.

முதல் பிள்ளை எலிக்குஞ்சு போலப் பிறந்து ஒரே நாளில் போய்விட்டது. அடுத்ததற்கு ஐந்தாம் மாதம், கிணற்றடியில் மயங்கி விழுந்தேன். பிரசவம் பார்க்கும் ஆலம் பீ வந்து என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். உடம்பில் ரத்தமே இல்லை, இப்படியே போனால் இதுவும் தங்காது, நீயும் தங்க மாட்டாய் என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கடலை, முடிந்தால் ஆட்டு ஈரல், எல்லாம் வயிறு நிறையத் தின்னச் சொன்னாள்.

இதில் எது எங்கள் வீட்டில் இல்லை? திருத்தணி மலையடியில் சொந்த நிலம், கொல்லையில் முருங்கை. எல்லாம் இருந்தது, என்னிடம் வருவதற்குள் தீர்ந்துவிடும். மாமனார் சுந்தரமூர்த்தி, என் வீட்டுக்காரர், கொழுந்தன் மூவரும் முதலில் சாப்பிடுவார்கள். அப்புறம் நானும் மாமியார் அன்னம்மாளும் சட்டியைச் சுரண்டுவோம். ஆலம் பீ சொன்னதை மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பெற முடியாது என்று என் வாயை அடைத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் ஆண்கள் உட்கார்ந்ததும், நானும் ஒரு தட்டோடு போய் அந்த வரிசையிலேயே உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், மகராசன்.

"பந்திக்கு முந்துன்னு சொன்னது ஆம்பளைங்களுக்கு. ஏந்திரு," என்றார் மாமனார்.

"மாட்டேன் மாமா. என் புள்ளைக்குப் பசிக்குது."

அவர் மாமியார் பக்கம் திரும்பி, இவளுக்குப் போடாதே என்றார். மாமியார் கரண்டியோடு அப்படியே நின்றார். அவரும் கைவிட்டால் எனக்கும் வயிற்றிலிருப்பதற்கும் வேறு கதி கிடையாது. மாமியார் குனிந்து, பெரிய களி உருண்டையாக எடுத்து என் தட்டில் வைத்தார். மேலே கீரையை அள்ளிப் போட்டார்.

"ஆறு பெத்தேன். கடசியா உக்காந்து துன்னே நாலு பேர மண்ணுல வெச்சேன். இவ துன்னட்டும்."

மாமனார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். நான் எழுந்திருக்கவில்லை. அழுதுகொண்டே தட்டை வழித்துத் தின்றேன். அன்றிலிருந்து முதல் களி எனக்குத்தான். என் வீட்டுக்காரருக்கும் ரோஷம் வந்து, ஷபியுல்லா கடையில் ஈரல் வாங்கிவர ஆரம்பித்தார். மாமனார் மட்டும் எங்களோடு உட்காராமல் தனியாகச் சாப்பிட்டார்.

தை மாதம் மகன் பிறந்தான். அவன் போட்ட சத்தம் மலைமேல் கேட்டிருக்கும். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமனார், எங்கள் வம்சமே இப்படித்தான், இரும்பு உடம்பு என்று பீற்றிக்கொண்டார். எனக்குப் பொறுக்குமா? உள்ளே படுத்தபடியே குரல் கொடுத்தேன்.

"வம்சம் இல்ல மாமா, முருங்கக்கீர."

வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அன்று மத்தியானம் தட்டின் முன்னால் உட்கார்ந்த மாமனார், களியில் கை வைக்காமல் மாமியாரைப் பார்த்தார்.

"பச்ச ஒடம்புக்காரிக்குப் போட்டியா?"

"ஆங், போட்டேன்," என்றார் மாமியார். "நானும் அவ கூடவே துன்னுட்டேன்."