ஷு வீட்டு வாசல் வரிசை

ஹாய்வெய் என்ற கடலோர ஊரில் ஷு குடும்பத்து வீட்டின் வாசலில் வரிசை தொடங்கியது ஒரு வியாழக்கிழமை முற்பகலில். முதலில் வந்து நின்ற பெண்மணி டாய்நானிலிருந்து பேருந்து மாறி வந்திருந்தார். எதை வாங்க வந்தோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற ஓய்வுபெற்ற அஞ்சல்காரருக்கும் தெரியவில்லை. ஆனால் முன்னால் ஒருவர் பொறுமையாக நிற்கும்போது காரணம் கேட்பது வழக்கமன்று. நண்பகலுக்குள் வரிசை மீன் கூட்டுறவுக் கிடங்கைத் தாண்டிவிட்டது. வெயில் ஏறக் குடைகள் விரிந்தன. எவரும் எவரையும் முந்தவில்லை. அவ்வாண்டு சிப்பி விலை சற்று இறங்கியிருந்தது; மழை அளவாகப் பெய்தது; வேறு விசேஷம் எதுவும் ஊரில் இல்லை.

வீட்டுக்காரி மெய்-யுன் சிப்பி உடைக்கும் கத்தியும் கையுமாக வெளியே வந்தாள்.

"சிப்பி வேணுமா? உடைச்சதெல்லாம் காலையிலயே வியாபாரிக்குப் போயிருச்சே."

"சிப்பி வேண்டாங்க."

"அப்புறம் எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க?"

"வரிசை இருக்கேன்னு நின்னோம்," என்றார் அஞ்சல்காரர். முதலில் நின்ற பெண்மணி வாசற்படி ஏறி, உள்ளே எட்டிப் பார்த்து, மூச்சை ஒருமுறை ஆழமாக இழுத்து, மிகவும் நன்றி என்று தலைவணங்கிப் போனார். மெய்-யுன்னின் கணவன் ஆ-ஹாய் சிரித்தான். சிப்பி வளர்க்கும் மூங்கில் பந்தல்களிடையே படகில் போகும்போது அவன் சிரித்தால் அடுத்த படகுக்காரன் காரணம் தெரியாமலே சிரிப்பான். அப்படிப்பட்ட சிரிப்பு அது. "ஊரெல்லாம் ஆளைப் பிடிக்க அலையுது. நமக்கு ஆளு தானா வந்திருக்கு, விக்கத்தான் ஒண்ணுமில்ல," என்றான். அன்று மாலை மெய்-யுன் மீன் சாற்றில் இஞ்சி போட்டுக் கொதிக்கவைத்தாள். சாறு கொதித்தது, மணம் வரவில்லை. இஞ்சி பழையது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டில் அவள் கல்யாணமாகி வந்த நாள் முதல் சுவரிலும் திரையிலும் ஏறியிருந்த இஞ்சியும் கடலும் கலந்த வாசனை முழுவதும் டாய்நான் பேருந்தில் ஏறிப் போயிருந்தது.

இதற்குக் காரணமானவள் இவர்களுடைய ஒரே மகள் யூ-சின். டாய்ச்சுங் நகரில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறை வேலைகளில் சேர்த்ததைக் கொண்டு, வகுப்புத் தோழன் போ-ஹானோடு சேர்ந்து, கல்லூரிக்குப் பின்புறச் சந்தில் வெங்காயத்தாள் ரொட்டிக் கடை போட்டாள். மாவைத் தேய்த்துச் சுருட்டி, மீண்டும் தேய்த்துக் கல்லில் போட்டு, இரு கரண்டிகளால் இருபுறமிருந்தும் தட்டி உதிர்த்து, முட்டை ஊற்றிப் புரட்டும் கலையை அவள் ஒரு கோடை முழுவதும் பழகியிருந்தாள். ரொட்டியில் குறையில்லை. கடை திறக்கும் முன் அந்தப் பகுதியின் நிலத் தெய்வத்துக்குப் பழமும் ஊதுபத்தியும் வைத்து வேண்டிக்கொண்டாள். வேண்டுகிறவர் தம் பெயர், பிறந்த நாள், முகவரி மூன்றையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கேட்டதை எங்கே கொண்டுவந்து கொடுப்பது என்று தெய்வத்துக்குத் தெரியாது. யூ-சின் இரண்டு வரங்கள் கேட்டாள்: வாசலில் வரிசை அறாதிருக்க வேண்டும், வந்தவர் எவரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டையும் வீசினாள். ஒன்று கவிழ்ந்தும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். மூன்று முறையும் அப்படியே விழுந்தன. போ-ஹான் கைதட்டினான்.

சொன்ன முகவரிதான் பிசகு. பள்ளித் தேர்வு, நுழைவுத் தேர்வு, அப்பாவின் முதுகுவலி என்று சிறுவயது முதல் எத்தனையோ தெய்வங்களின் முன் ஒப்பித்த முகவரி ஒன்றே அவள் நாவில் இருந்தது. அடையாள அட்டையிலும் அதுதான். சந்திலிருந்த கடையின் எண்ணை அவள் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும் இல்லை. தெய்வமோ சொன்னதைச் சொன்னபடி செய்யும் இயல்புடையது.

டாய்ச்சுங் கடையில் ஒரு ரொட்டியும் விற்கவில்லை. கூட்டம் வராத கடைகள் உலகில் பல உண்டு, இது அவ்வகையன்று. மாணவர்கள் கல்லிலிருந்து எழும் புகைக்குள் புகுந்து, அதைக் காணாதவர்களாக மறுபக்கம் வெளியேறினார்கள். ஒருவர் பணப்பெட்டிக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனார். மறுநாள் மூன்று பேர் நிறுத்தினார்கள். சுட்ட ரொட்டிகளை இருவருமே தின்றார்கள். "முதலாளியம்மா, நம்ம கடைக்கு நம்மளே வாடிக்கை. நல்ல திட்டம்," என்பான் போ-ஹான். வீட்டிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் வியாபாரம் நன்றாகப் போகிறது என்று யூ-சின் சொன்னாள். அம்மா அதை நம்பினாள். அவளிடம் சொல்லவும் செய்தி இருந்தது.

"இங்கயும் நல்ல கூட்டம். இன்னைக்கு வரிசை கோயில் வரைக்கும் போயிருச்சு."

"என்னம்மா விக்கிறீங்க?"

"ஒண்ணும் விக்கல. பார்த்துட்டுப் போறாங்க. பாவம், ஒருத்தர் கதவை ரெண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தாரு. அப்புறம் அந்தக் கதவு கீச்சுன்னு சத்தமே போடுறதில்ல. நல்லதாப் போச்சு."

"அப்பா என்ன பண்றாரு? சிரிக்கிற சத்தத்தையே காணோமே."

"அவரு இப்போ சிரிக்கிறதில்லடி. செவ்வாய்க்கிழமை ஒரு பொண்ணு வந்துட்டுப் போனதிலேருந்து."

யூ-சின் கைபேசியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். மாவு பிசைந்துகொண்டிருந்த போ-ஹான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். எல்லாவற்றையும் கேட்டபின், வழக்கமான கேலி ஏதுமில்லாமல், "சாமிகிட்ட எந்த முகவரி சொன்ன?" என்றான். அவள் வாயைத் திறந்தாள். நாவில் வந்து நின்றது ஹாய்வெய் வீட்டின் முகவரி.

உடனே நிலத் தெய்வத்தின் கோயிலுக்கு ஓடினார்கள். யூ-சின் மண்டியிட்டுக் கடையின் சரியான எண்ணைச் சந்தின் பெயரோடு சொல்லி, திருத்திக்கொள்ளும்படி வேண்டிக் கட்டைகளை வீசினாள். இரண்டும் மல்லாந்து விழுந்து ஆடின. தெய்வம் சிரிக்கிறது என்று அதற்குப் பொருள். மறுபடி வீசினாள், மறுபடியும் சிரித்தது. சாம்பல் அள்ளிக்கொண்டிருந்த கோயில்காரர் எட்டிப் பார்த்தார்.

"வரம் கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுதுங்க. இடம் மாறிப் போச்சு."

"அப்போ அவரு மேல என்ன குத்தம்? சொன்ன இடத்துக்கு அனுப்பி வச்சாரு. நன்றிக்கடனுக்கு எப்ப வர்றே?" என்றார்.

வழி ஒன்றே இருந்தது. அதைக் கண்டவள் யூ-சின்தான். வரிசை ஓயாது, வந்தவர் வெறுங்கையோடு போகமாட்டார், ஆகவே அவர்கள் கையில் கொடுக்க வாசலில் ரொட்டி இருந்தால் வீட்டிலிருந்து வேறெதையும் எடுக்கமாட்டார்கள். மறுநாள் காலை இரும்புக் கல்லையும் எரிவாயு அடுப்பையும் மாவு மூட்டையையும் கடன் வாங்கிய சிறு லாரியில் ஏற்றிக்கொண்டு இருவரும் கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். ஊர் எல்லையிலேயே வரிசையின் வால் தெரிந்தது. உப்புக் காற்றில் குடைகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. சிப்பி ஓடுகள் குவிந்த பாதையின் ஓரமாக, கைக்குழந்தையோடும் மடக்கு நாற்காலியோடும், மக்கள் பேச்சில்லாமல் நின்றார்கள். யூ-சின் லாரியைவிட்டு இறங்கி முன்னால் நடந்தாள். நான்கு வீடு தள்ளி ஒரு பெரியம்மா குடையால் வழி மறித்தாள்.

"வரிசையில வாம்மா."

"இது என் வீடுங்க."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க," என்றாள் பெரியம்மா. கேட்டவர்கள் தலையசைத்தார்கள்.

போ-ஹான் கொல்லைப்புறம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பின்கதவு இருந்த இடத்தில் சுவர் வழுவழுவென்றிருந்தது. யாரோ அதை முந்தின வாரமே கொண்டுபோயிருந்தார்கள். முற்றத்து லோங்கன் பழமரம் இலை அடர்ந்திருந்தும் வெயிலில் நிழலில்லாமல் நின்றது. யூ-சின் கைபேசியில் அழைத்துப் பார்த்தும் அம்மா எடுக்கவில்லை. அந்த மணியோசையும் போயிருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் இருவரும் கல்லைத் தரையில் வைத்து வரிசையின் கடைசியில் நின்றார்கள். ஆள் நகர அவர்கள் நகர்ந்தார்கள். ஒவ்வொரு முறையும் கல்லையும் அடுப்பையும் மூட்டையையும் இருவராகத் தூக்கி முன்னே வைத்தார்கள். அன்றும் மறுநாளும் அப்படியே கழிந்தன. வீட்டிலிருந்து வெளியே வந்தவர்கள் எல்லோரும் திருப்தியோடு வந்தார்கள். ஒரு மாணவன் ஆ-ஹாய் இருமுவதுபோல் இருமிக்கொண்டு போனான். ஒரு தாய் தன் குழந்தையின் காய்ச்சல் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அது அம்மா வைக்கும் விதம் என்பதை யூ-சின் நன்கு அறிவாள். இவர்களுக்கு மூன்று ஆள் முன்னால் நின்றிருந்த பழுப்புச் சட்டைக்காரர் உள்ளே போய்த் திரும்பும்போது எதையோ மெல்லச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். நாவில் ஒரு மிட்டாயைப் புரட்டுகிறவரைப்போல் இருந்தார். அவளைக் கடந்தபோது அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது.

"ஆ-சின்... ஆ-சின்..."

அவள் வீட்டுப் பெயர் அது. அம்மா கூப்பிடும் அதே இழுப்போடு, முதல் எழுத்தில் சற்றே பொய்க்கோபத்தோடு, அந்த மனிதர் சொன்னார். யூ-சின் அவர் கையைப் பிடித்தாள். "அதைக் குடுத்துடுங்க." அவர் மிகுந்த பணிவோடு கையை விடுவித்துக்கொண்டார். "முறைப்படி நின்னு வாங்கினதுங்க," என்று சொல்லி வணங்கிவிட்டுத் தெற்கே போகும் பேருந்தில் ஏறினார்.

அவள் முறை வந்தது. வாசற்படியில் மெய்-யுன் கைகளை முன்னால் கோத்து நின்றாள். பின்னால் நாற்காலியில் ஆ-ஹாய் வலை நூல் சுற்றிக்கொண்டிருந்தான். அவனும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

"வாங்க. ரொம்ப நேரம் நின்னீங்களா? என்ன வேணும்?"

யூ-சின் தெய்வத்தின் முன் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று, பெயர், பிறந்த நாள், முகவரி மூன்றையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். மெய்-யுன் கவனமாகக் கேட்டாள்.

"முகவரி இதுதாங்க. ஆனா அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையே." பிறகு, ஏமாற்றத்தோடு அனுப்ப மனமில்லாதவளாக, "வேற ஏதாவது பாருங்க. இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றாள்.

யூ-சின் கல்லை வாசலில் இறக்கி அடுப்பைப் பற்றவைத்தாள். போ-ஹான் மாவைத் தேய்த்தான். அடுத்து நின்றவருக்கு முதல் ரொட்டியைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பினார். அதன்பின் அந்த வீட்டிலிருந்து எதுவும் போகவில்லை. மாலையில் மெய்-யுன் ஒரு ரொட்டியைத் தின்று பார்த்தாள். "நல்லா மொறுமொறுன்னு இருக்கு. உப்புதான் கொஞ்சம் கம்மி. எந்த ஊருப் பிள்ளைங்கம்மா நீங்க?" என்றாள். யூ-சின் டாய்ச்சுங் என்று சொன்னாள்.

"தங்க இடம் இருக்கா? உள்ள ஒரு அறை சும்மாதான் கிடக்கு. யாரோ ஒரு பொண்ணு இருந்திருப்பா போல. புத்தகம், துணிமணி எல்லாம் அப்படியே இருக்கு. உனக்கு அளவு சரியாத்தான் இருக்கும்."

அளவு சரியாகத்தான் இருந்தது. போ-ஹான் செமஸ்டர் தொடங்கியதும் டாய்ச்சுங் திரும்பினான், யூ-சின் திரும்பவில்லை. அவள் இல்லாத நாளில் வரிசை வெறுங்கையோடு போகாது என்பது இருவருக்கும் தெரியும். ஆண்டுகள் சென்றன. பேருந்து நிறுத்தத்துக்கு வரிசை முனை என்று பெயர் வந்தது. ஊராட்சி நிழற்கூரை போட்டது. பக்கத்து வீட்டார் மடக்கு நாற்காலி வாடகைக்கு விட்டு நன்றாக இருக்கிறார்கள். சந்திர மாதத்தின் இரண்டாம் நாளும் பதினாறாம் நாளும் யூ-சின் வாசலில் பழம் வைத்து நிலத் தெய்வத்துக்கு நன்றி சொல்கிறாள். கடைக்கும் வீட்டுக்கும் இப்போது முகவரி ஒன்றே ஆகையால் பிழைக்கு இடமில்லை. மெய்-யுன் அவளைக் கடைக்காரப் பெண் என்று அழைக்கிறாள். குளிர் நாட்களில் மீன் சாறு கொடுக்கிறாள். நல்ல பிள்ளை, பெற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறாள்.

மாதத்துக்கொரு முறை தெற்கிலிருந்து வரும் பேருந்தில் பழுப்புச் சட்டைக்காரர் வருகிறார். அவருக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் முறைப்படி வரிசையில்தான் நிற்கிறார். தம் முறை வந்ததும் கல்லின் முன் குனிந்து, "ஆ-சின், முட்டையோட ஒண்ணு," என்கிறார், அதே இழுப்போடு, அதே பொய்க்கோபத்தோடு. உள்ளே சிப்பி உடைத்துக்கொண்டிருக்கும் மெய்-யுன்னின் கத்தி ஒரு கணம் நின்று, பிறகு தொடர்கிறது. யூ-சின் இன்னொரு முட்டையை உடைத்து ஊற்றிப் புரட்டி அவரிடம் கொடுக்கிறாள். அதற்கு அவள் விலை வாங்குவதில்லை. அடுத்து நிற்பவரும் ஏன் என்று கேட்பதில்லை.