ஈரலுக்கு ஓர் ஒத்திகை

பொய் சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, டாக்டர் இன்னும் வந்தே சேராதபோதும் ‘இதோ, அடுத்தது நீங்கதான்’ என்று சிரித்த முகத்தோடு சொல்லிப் பழகிய வாய் அது. அதை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். குடித்துவிட்டு அவன் எழுந்திருக்க முடியாத காலைகளில் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, காய்ச்சல், கழுத்துப் பிடிப்பு, ஒன்றுவிட்ட பெரியப்பா காலமாகிவிட்டார் என்று வாய் கூசாமல் அளந்துவிடுவாள். பெரியப்பாக்களில் சிலர் இரண்டு முறை காலமாகியிருக்கிறார்கள்.

இப்போது அவனுடைய ஈரல் கெட்டுப்போயிருந்தது. மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பான். அதற்குக் காத்திருப்போர் வரிசையில் அவனைச் சேர்க்கலாமா என்று பார்க்க, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்கப் பரிசோதனை வைத்திருந்தார்கள். இரத்தம், இதயம், ஸ்கேன் எல்லாவற்றையும் மெஷின்கள் பார்த்துக்கொள்ளும். கடைசியில் ஆலோசகர் ஒருவர் இருவரிடமும் தனித்தனியாக வீட்டு நிலவரம் கேட்பார் என்றார்கள். அவளுக்குப் பயமெல்லாம் அதில்தான். குடிகாரனுக்கு யார் ஈரல் கொடுப்பார்கள் என்று தானாகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

உண்மையில் அவன் குடியை விட்டிருந்தான். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தம்ளரை மோந்தாள், ஸ்பானர் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள், அவன் தூங்கும்போது வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். ஒன்றும் கிடைக்கவில்லை. இதை அப்படியே போய்ச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் உண்மையைச் சொல்லி வேலை நடந்த அனுபவம் அவளுக்கு இல்லை.

பரிசோதனைக்கு முதல் நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை நடந்தது. அவள்தான் ஆலோசகர். மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டாள். எப்போதாவது விருந்தில் ஒரு வாய், அவ்வளவுதான் என்று அவன் சொல்ல வேண்டும். அவனோ மேஜைவிரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டே, “கம்பி தேஞ்சிருந்தா தேஞ்சிருக்குன்னுதான் சொல்லணும். இல்லன்னா ஆளுங்க ஏறிடுவாங்க” என்றான். இதில் லிஃப்டை எங்கே கொண்டுவந்து நுழைக்கிறீர்கள் என்று அவள் எரிந்து விழுந்தாள். அவன் மறுபடி நூலைப் பிய்க்க ஆரம்பித்தான். ஒத்துக்கொண்டுவிட்டான் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். கல்லூரிக்குப் போகும் ஒரே மகள் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆலோசகர் முதலில் அவனைக் கூப்பிட்டு நெடுநேரம் பேசினார். பிறகு அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளை அழைத்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, அவசரமே இல்லாத குரல். கணவரின் குடிப்பழக்கம் எப்படி என்று கேட்டார். இவள் தேன் தடவிய குரலில் ஆரம்பித்தாள். அவருக்கு அந்த வாடையே ஆகாது, யாராவது வற்புறுத்தினால் ஒரு வாய், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அப்போதாவது சுதாரித்திருக்கலாம். வீட்டில் பாட்டில் என்று இருந்தால் அது எண்ணெய் பாட்டில்தான் என்று மேலே இன்னொரு பூச்சுப் பூசினாள் இந்த மகராசி.

ஆலோசகர் அவனை உள்ளே வரவழைத்தார். நீங்கள் என்னிடம் சொன்னதை இவர் முன்னால் பேசலாமா என்று கேட்டார். அவன் தலையாட்டினான். வருஷக்கணக்கில் விடாமல் குடித்தது, வேலை நேரத்தில் போதையில் லிஃப்ட் குழிக்குள் விழப் பார்த்தது, மகளின் பள்ளி விழாவில் எல்லார் முன்னாலும் வாந்தி எடுத்தது, கடைசியில் விட்டது. ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தான். அவளுக்குக் காது மடல் வரை எரிந்தது.

ஆலோசகர் கடிந்துகொள்ளவில்லை. குடித்தவர் என்பதற்காக யாரையும் ஒதுக்குவதில்லை என்று நிதானமாக விளக்கினார். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சறுக்கினால் முதலில் தெரியப்போவது வீட்டில் இருப்பவருக்குத்தான். அந்த ஆளின் வார்த்தையை நம்பித்தான் ஈரலே கொடுக்கிறோம் என்றார். அவள் பதறிப்போய், இப்போது தொடுவதே இல்லை, சத்தியமாக விட்டுவிட்டார் என்றாள். அத்தனையும் உண்மை. ஆனால் சூப்பர்வைசரிடம் பேசும் அதே குரலில்தான் அதுவும் வந்தது. ஆலோசகர் பேனாவை எடுக்கவில்லை.

அவன் அவள் பக்கம் திரும்பினான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

“நான் குடிச்சப்போ எல்லாம் குடிக்கலன்னு சாட்சி சொன்ன. இப்ப நிஜமாவே குடிக்கல. இதுக்கு நான் யாரைக் கூட்டிட்டு வருவேன்?”

இத்தனை காலமும் குடும்ப மானத்தைத் தான்தான் கட்டிக் காப்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு. அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவள்தான் மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு கூனிக் குறுகிக் கிடந்தாள். வெட்கமாக இருந்தது, அவனைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. நான் முதலில் சொன்னது அத்தனையும் பொய், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆலோசகரிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று ஆலோசகர் கேட்டார். மகள் என்றாள். அவளோடு இப்போதே பேச முடிந்தால், நாளைக்கு டாக்டர்கள் கூடும்போது கணவரின் பெயரையும் வைக்கலாம், இல்லாவிட்டால் தள்ளித்தான் போகும் என்றார். நல்லவேளை, மகள் போனை எடுத்துவிட்டாள். இனியாவது ஒளிவுமறைவு வேண்டாம் என்று இவளே ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். அப்பாவைப் பற்றி ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள், நடந்ததை நடந்தபடி சொல் என்றாள்.

மகள் சின்ன வயதிலிருந்தே அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை. பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோலக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“சரிம்மா. நடந்தது என்னன்னு சொல்லு, அப்படியே சொல்லிடறேன்.”