ஜன்னல் திட்டில் வைத்த கைப்பை

"மே 9, 1962. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். தட்டு வைக்க இடமில்லை என்று ஒரு அம்மாளின் கைப்பையை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தேன்."

எழுதியதைப் படித்துப் பார்த்து, 'சின்ன' என்ற சொல்லை அடித்தாள் சிக்னே. உலகக் கண்காட்சி வாசலிலிருந்து கிளம்பிய மோனோரயில் மாலை வகுப்புக்கு அவளைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

கண்காட்சிக் கோபுரத்தின் உச்சியில் அவள் பரிமாறும் உணவகத்தில் மேசைகள் இருக்கும் தரை மட்டும் மெல்லச் சுற்றும். ஜன்னலும் அதன் திட்டும் அசையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித் தந்திருந்தார்கள்.

மதியம் ஹால்வர்சன் என்ற பெரியவர் மகள் மர்லீனோடு வந்தார். அந்தக் கோபுரத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர். மர்லீனின் பையைத் திட்டுக்கு நகர்த்திவிட்டு சிக்னே சால்மன் மீனைப் பரிமாறும்போது கடலில் போன படகைக் காட்டிச் சிரித்தார்.

"கீழ சேத்துல நின்னப்போ, இங்க உக்காந்து மீன் திம்பேன்னு எவனாவது சொல்லியிருந்தா, குடிச்சிருக்கியாடான்னு கேட்டிருப்பேன்."

அவள் காப்பியோடு திரும்பியபோது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் இல்லை, மலை தெரிந்தது.

"பையக் காணோம்! அப்பாவோட மாத்திரை அதுலதான் இருக்கு! யாரோ திருடிட்டாங்க!" மர்லீன் மேசைக்கடியில் தேடினாள்.

பை போகவில்லை. மேசைதான் நகர்ந்து வந்திருக்கிறது. கடல் தெரியும் ஜன்னலில்தான் பை இருக்கும். எந்தப் பக்கம் போனால் சீக்கிரம்? இடமா, வலமா? யோசிக்க நேரமில்லை. இடப்பக்கம் ஓடினாள். ஏரி, வீட்டுக் கூரைகள்... கடைசியில் கடல்.

திட்டு காலி. பக்கத்து மேசையில் சுருட்டு பிடித்துக்கொண்டிருந்த ஒருவரின் மடியில் பை இருந்தது.

"இத பாரும்மா, பை தானா ஊர்ந்து வந்துச்சு. சொந்தக்காரி வந்தாத்தான் குடுப்பேன்."

"ஐயா, அங்க ஒருத்தருக்கு நெஞ்சு வலி. மாத்திரை இதுலதான் இருக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. மேனேஜரக் கூப்பிடு."

"நீங்களே திறந்து பாருங்க. மருந்துப் புட்டி இல்லன்னா என்னைப் போலீஸ்ல குடுங்க!"

அவர் திறந்தார். புட்டியைப் பார்த்ததும் சுருட்டு வாயிலிருந்து நழுவியது. "ஓடு, ஓடு!" என்று பையை நீட்டினார்.

மாத்திரை பெரியவரின் நாக்கடிக்குப் போனது. "பை கடல் பக்கத் திட்டுல இருந்துச்சு, மேசைதான் நகர்ந்து வந்திருக்கு," என்றாள் சிக்னே. மலை மெல்ல ஜன்னலை விட்டு விலகியது. பிறகு அவர் நீளமாக மூச்சு விட்டார்.

"அஸ்திவாரம் கெட்டியாத்தான் போட்டோம்," என்றார். "மேல சுத்த விட்டது எவன்டா?"

மர்லீன் அழுதுகொண்டே சிக்னேயின் கையைப் பிடித்தாள். "என் புத்திதான் கெட்டுப்போச்சு. நானே அங்க வெச்சிருக்கேன் பாரு."

சிக்னே பையை அவள் மடியில் வைத்துவிட்டு, ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அங்கே வந்த மேனேஜரும் மர்லீனின் கவனக்குறைவு என்றே குறித்துக்கொண்டார்.

மோனோரயில் நின்றது. அவள் இறங்கும் முன் அவசரமாக எழுதினாள்: "நாளை: உணவகம் திறப்பதற்கு முன்பே மேனேஜரிடம் போய், பையைத் திட்டில் வைத்தது நான் என்று சொல்ல வேண்டும். மர்லீனிடமும் அதைச் சொல்ல, அவள் விலாசத்தை அவரிடம் கேட்டு வாங்க வேண்டும்."