ஒன்பதாவது வாரம் நடந்தது

'சமூகக் குழுப்பணி: மரபும் எதிர்காலமும்' என்று மேடையில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அரங்கில் இருநூறு பேர். எல்லோரும் எங்காவது ஓர் இல்லத்திலோ பள்ளியிலோ மனிதர்களை வட்டமாக உட்காரவைத்துப் பேசவைப்பவர்கள். அவர்களில் ஒருத்தி காலையிலிருந்து தன் கட்டுரையை மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டாள். பதினோரு வருடமாக மருத்துவமனையில் சமூகப் பணியாளர். மாநாட்டில் கட்டுரை வாசிப்பது இதுதான் முதல் தடவை.

கட்டுரை அவள் நடத்தும் குழுவைப் பற்றியது. படுத்த படுக்கையாகிவிட்ட மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவர்கள் ஏழு பேர், வாரம் ஒருமுறை மருத்துவமனையின் பின்கட்டில் ஒரு சின்ன அறையில் கூடுவார்கள். எட்டு வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒன்பதாவது வாரம் மடை திறந்தது போலப் பேசினார்கள். அதற்கு முந்தைய வாரம், தான் கொடுத்த படம் வரையும் பயிற்சியே காரணம் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தாள்.

அந்த எழுவரில் ஒருவரான ஓய்வுபெற்ற பஸ் டிரைவரையும் கூட அழைத்து வந்திருந்தாள். அதிகம் பேசாதவர், அதனாலேயே மற்றவர்கள் அவரை 'ஹாரன்' என்பார்கள். அவள் வாசித்து முடித்ததும் நல்ல கைதட்டல். மைக் அவர் கைக்குப் போனது.

"மேடம் படிச்சதெல்லாம் சரிதான். ஆனா அந்த ஒன்பதாவது வாரம் மேடம் வர முக்கால் மணி நேரம் ஆயிடுச்சு. மழையில மாட்டிக்கிட்டாங்க."

அந்த முக்கால் மணி நேரத்தில் நடந்ததை அவர் நிதானமாகச் சொன்னார். காத்திருந்து அலுத்துப்போன தையல்காரர், மனைவியின் தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடக்கிறது, படுத்திருப்பவளுக்கு எப்படித்தான் அலசிவிடுவது என்று முனகியிருக்கிறார். டிரைவருக்கு அது தெரியும். பழைய மழைக்கோட்டின் ஓரத்தில் துண்டை வைத்துச் சுருட்டி, கழுத்துக்கடியில் வாய்க்கால் மாதிரி விட்டால், தண்ணீர் நேரே பக்கெட்டில் விழும். அவர் சொல்ல, அடுத்தவர் மாத்திரை ஊட்டத் தான் படும் பாட்டைச் சொல்ல, பேச்சு பிடித்துக்கொண்டது.

அவளுக்கு முகம் சூடேறியது. "ஏன் அப்பவே என்கிட்ட சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க மேடம். கெடுக்க மனசு வரல."

அரங்கே சிரித்தது. ஒரு கணம் கழித்து அவளுக்கும் சிரிப்பு வந்தது; வந்தது நிற்கவே இல்லை. தலைமை தாங்கிய பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐயா, அதைக் கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்" என்றவர், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை மேசையிலேயே மல்லாந்து படுத்துவிட்டார்.

மூன்றாவது வரிசையிலிருந்து மழைக்கோட்டு வந்தது. துப்புரவுப் பணியாளரிடமிருந்து பக்கெட் வந்தது. நரைத்த கூந்தலை டிரைவர் பதமாக அலசினார். தரையில் ஒரு சொட்டு விழவில்லை. அடுத்த அமர்வு ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. யாரும் முகம் சுளிக்கவில்லை. கட்டுரையை மாநாட்டு மலரில் போடக் கேட்டவர்களிடம் அவள் ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். மாற்றி எழுத வேண்டும், ஆசிரியர் பெயராக எட்டுப் பெயர் வர வேண்டும் என்றாள்.

திரும்பும் வழியில் டிரைவர் வீட்டுக்குப் போன் போட்டார். மனைவியின் காதருகே மகள் போனைப் பிடித்திருந்தாள். மேடையில் பேசியதைச் சொன்னார். ஒரு பேராசிரியைக்குத் தலை அலசிவிட்டதையும் சொன்னார்.



"யாரு அந்தப் பொம்பள?" என்றாள் மனைவி.